வெள்ளிக்கிழமை இறங்கினோம், திங்கட்கிழமை வந்து சேர்ந்தோம்

1

போட்ஸ்வானாவில், தலைநகரிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஒரு சிறிய ஊரில் நானும் என் கணவரும் பள்ளி ஆசிரியர்களாக இருக்கிறோம். அவர் கணக்கு, நான் அறிவியல். இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்தால் அரசு செலவில் ஊருக்குப் போய்வரப் பயணச்சீட்டு. திரும்பி வந்தால் மறுபடியும் இரண்டு வருடம். இப்படியே பத்து வருடம் ஓடிவிட்டது. ஓடியது வருடந்தான், நாங்கள் அதே சிவப்பு மண்ணில், அதே தகரக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம்.

போன வாரம் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும் எழுத்தர் அம்மாள் நல்லவர். என் பெயரைப் பத்து வருடமாகத் தப்பாக எழுதிவந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தப்பாக எழுதுவார், அதனால் எங்கள் கோப்பு தொலைந்ததே கிடையாது. அவர் தாளைப் புரட்டிவிட்டு, "அடுத்த விடுமுறைக்கு உங்களுக்கு இரண்டு சீட்டு" என்றார். மூன்று என்றேன். "பிள்ளை இப்போது இந்த நாட்டில் இல்லையே" என்றார். விதிப்படி எங்களோடு இங்கே குடியிருக்கும் பிள்ளைக்குத்தான் சீட்டு. அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. எங்கள் ஒரே மகள் கோமதி ஜூன் மாதத்திலிருந்து பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறாள்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, "ஒரு விதத்தில் நல்லதுதான், உங்களுக்கு விடுமுறைச் செலவு குறையும்" என்று ஆறுதல் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது.

2

விடுமுறைச் செலவைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. சீட்டு இலவசம், ஆகவே விடுமுறையும் இலவசம். அப்படி நினைப்பவர்கள் எங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

சம்பளம் வந்த அன்றே என் கணவர் பணத்தைப் பழுப்பு உறைகளில் பிரித்து வைத்துவிடுவார். சாப்பாட்டுக்கு ஓர் உறை, கோமதி படிப்புக்கு ஒன்று, பாளையங்கோட்டைப் பக்கம் தவணையில் வாங்கிக்கொண்டிருக்கும் மனைக்கு ஒன்று. 'ஊர்' என்று எழுதிய உறை ஒன்று தனியாக, தடியாக இருக்கும். எதையும் எதிலிருந்தும் எடுத்து எதிலும் போடக் கூடாது. மனைத் தவணை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இந்த ஒழுங்கினால்தான் நாங்கள் கைநீட்டிக் கடன் வாங்காமல் இருக்கிறோம், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இந்த ஒழுங்கைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் உறையில் பாதி சாமான் வாங்கப் போகும். வளைகுடாவில் இருப்பவர்கள் பாடு தேவலை, அங்கே கடை இருக்கிறது. எங்கள் ஊரில் கிடைப்பது மாட்டுத்தோலும் கம்பளியும். திருநெல்வேலிக்குக் கம்பளி கொண்டுபோனால் சிரிப்பார்கள். ஆகவே வெளிநாட்டுச் சாமானை வழியில் பம்பாயில் இறங்கித்தான் வாங்குவோம். ஒருமுறை அப்படி வாங்கிய சென்ட் பாட்டிலைத் தச்சநல்லூரில் ஓர் அண்ணாச்சி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆப்பிரிக்கா சரக்குன்னா சும்மாவா, வாசமே தனியால்லா இருக்கு" என்றார். என் கணவர் கண்ணாலேயே என்னைப் பேச விடாமல் செய்துவிட்டார்.

மீதிப் பாதி துட்டிக்கு, அதாவது துக்கம் விசாரிக்க. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தபோது நாம் ஊரில் இல்லை என்றால், ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போய்த் துட்டி கேட்டுவிட வேண்டும். அதற்கு முன்னால் வேறு நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் ஆகாது. கையில் எதுவும் கொண்டுபோகக் கூடாது. கிளம்பும்போது வாரேன் என்று சொல்லக் கூடாது. திரும்பி வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அதனால் ஒரே காரில் துட்டியையும் முடித்து, சாமானையும் கொடுத்துவிட்டு வரலாம் என்ற சிக்கனம் இதில் நடக்காது. துட்டிக்கு ஒருமுறை, சோப்புப் பெட்டியோடு இன்னொருமுறை என்று ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை டாக்சி வைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியாததால், என் கணவர் இந்த ஒரு செலவைத்தான் குத்துமதிப்பாக வைப்பார். அது என்றைக்குமே போதாது.

இப்படித்தான் எங்கள் விடுமுறைகள் கழிந்தன. அம்பாசிடர் காரின் பின்சீட்டில் வேர்த்து வழிய உட்கார்ந்து, ஆலங்குளம், சேரன்மகாதேவி, வள்ளியூர் என்று ஒவ்வோர் ஊரிலும் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுதுவிட்டு ஏறுவோம். கோமதிக்குப் பத்து வயதானதிலிருந்தே அவள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். "அம்மா, இந்த வருஷம் டெத் டூர் எப்போ?" என்று கேட்பாள். வாயை மூடு என்பேன். பெயர் சரியாகத்தான் இருந்தது.

3

கோமதி இந்தியாவில் படிப்பது என்று முடிவானது அவளைக் கேட்டு அல்ல. இங்கே படித்துவிட்டு அங்கே கல்லூரிக்குப் போனால் இடம் கிடைப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுடைய இங்கத்துத் தேர்வு பத்தாம் வகுப்புக்குச் சமம் என்று ஒரு சான்றிதழ் வாங்க நாங்கள் எழுதிய மனுக்களுக்கு அளவில்லை. ஓர் அலுவலகம் பாடத்திட்டத்தைக் கேட்டது, இன்னோர் அலுவலகம் தமிழ் எங்கே என்று கேட்டது. தமிழ் வீட்டில் இருக்கிறது என்று எழுத முடியுமா. அதுவும் அரைகுறையாகத்தான் இருந்தது. நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், சில நாள் அதுவும் கிடையாது, கதவைச் சாத்தும் சத்தந்தான்.

சான்றிதழ் வந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளாகவே தமிழில் பேசினாள்.

"சரி, ஹாஸ்டலுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் என்கூட மட்டும் இருங்க. யாரு வீட்டுக்கும் போக வேண்டாம். யாரும் நம்மகிட்ட அழ வேண்டாம்."

என் கணவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் பிசைவதை நிறுத்திவிட்டேன். இதற்குப் பிறகு அவள் எங்களோடு தொடர்ந்தாற்போல் இருக்கப்போகும் நாட்கள் என்று எதுவும் இல்லை. பிளஸ் டூ, பிறகு கல்லூரி, பிறகு வேலை, பிறகு கல்யாணம். பெண் பிள்ளை வீட்டில் இருக்கும் காலம் அன்றோடு முடிந்துபோனது எனக்குச் சட்டென்று தெரிந்தது. அவள் கேட்பதைக் கொடுக்காமல் விடுதியில் கொண்டுபோய் விட்டால், அதற்குமேல் அவள் எங்களிடம் எதையுமே கேட்க மாட்டாள் என்றும் தோன்றியது.

மறுநாள் ஒரு புது உறை எடுத்து 'நமக்கு' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். அவர் பார்த்தார். "எதுலேருந்து எடுத்துப் போடப்போறே?" என்றார். பள்ளியில் மாலை நேர வகுப்பு எடுக்க ஒத்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பணம் சேர்ந்துவிட்டது. நாள்தான் கிடைக்கவில்லை. ஊரில் கால் வைத்துவிட்டால் அத்தை, அதாவது என் மாமியார், துட்டி வீடுகளின் வரிசையோடு தயாராக இருப்பார். அங்கிருந்து மூன்று நாள் எங்கேயாவது போய்வருகிறோம் என்று சொன்னால், "துட்டி கேக்காம ஊரு சுத்தப் போறீகளோ" என்பார். அது கோபமாகக்கூட இருக்காது. திகைப்பாக இருக்கும். அந்தத் திகைப்பை எதிர்த்து எங்கள் குடும்பத்தில் யாரும் ஜெயித்ததில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்தோம். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்குகிறோம். அத்தைக்குத் திங்கட்கிழமை என்று எழுதிப் போட்டோம். அம்பாசமுத்திரத்தில் என் கணவரோடு படித்த நண்பர் ஒருவர் மணிமுத்தாறு அணைக்குப் பக்கத்தில் அறைக்கு ஏற்பாடு செய்தார். திருநெல்வேலிக்குள் நுழையாமல் செங்கோட்டை வழியாகப் போய்விடலாம். சொந்த ஜில்லாவில் திருடர்கள் மாதிரி ஒளிந்து மூன்று நாள் சந்தோஷமாக இருப்பது. உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு விடுமுறைக்குத் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

4

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலை மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அறையில் மெத்தை கொஞ்சம் ஈர வாடை அடித்தது, குழாயில் தண்ணீர் வர நேரமாகும். கோமதி எதையும் குறை சொல்லவில்லை. அணைக்கரையில் மூன்று பேரும் நடந்தோம். அவள் நடுவில் வந்தாள். அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படிப் பிடிக்கிறாள், கையை அசைத்தால் விட்டுவிடுவாளோ என்று நான் அசைக்கவே இல்லை.

மறுநாள் அருவிக்குப் போனோம். சனிக்கிழமையானாலும் மழை மூட்டத்தால் கூட்டமில்லை. நானும் கோமதியும் தண்ணீரில் இறங்கினோம். வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஈரச் சேலையும் விரித்த தலையுமாகக் கரையேறித் திரும்பினால், மாஞ்சோலை பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் துண்டோடு, சங்கரலிங்கம் அத்தான் நடந்து வருகிறார்.

அவர் என் பெரியம்மா மகள் சிவகாமி அக்காவின் கணவர். தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா நவம்பர் மாதம் இறந்துபோனாள். தந்தி வந்தபோது நாங்கள் ஆப்பிரிக்காவில் இருந்தோம், போக முடியவில்லை. இந்த விடுமுறையில் நாங்கள் கேட்க வேண்டிய துட்டிகளில் முதல் துட்டி அவர் வீட்டுத் துட்டி. நாங்கள் முதன்முதலில் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது குடியிருப்பு அனுமதி கிடைக்காமல் கோமதியை ஒரு வருடம் விட்டுவைத்திருந்ததும் அந்த அக்காவிடந்தான். அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

சாவு நடந்த பிறகு முதல்முறையாகப் பார்க்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்படி ஈரம் சொட்டச் சொட்ட, சிரித்த வாய் மூடாமல் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அழுவதா, ஓடிப்போய்ச் சேலை மாற்றுவதா? பாறை மேல் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து நின்று, இட்லிப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதை ஏன் மறைத்தார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

கோமதி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். "பெரியப்பா" என்றாள். பிறகு நேராகக் கேட்டாள்.

"பெரியம்மா கடைசில என்னைக் கேட்டாங்களா?"

எங்களில் யாரும் இப்படிக் கேட்க மாட்டோம். எப்படி ஆச்சு, என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி என்று சுற்றிக்கொண்டே இருப்போம்.

"கேட்டா" என்றார் அத்தான். "புள்ளைக்குப் பரீட்சை முடிஞ்சிட்டான்னு கேட்டா. முடியலன்னேன். அப்பம் சொல்லாதீகன்னா."

கோமதி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். அருவிச் சத்தத்தில் அழுகை எங்களுக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பாறைக்கு வந்து உட்கார்ந்தார். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"நீங்க திங்கக்கிழமைல்லா வாரதாச் சொன்னாக?" என்றார் என் கணவரிடம்.

"ஆமா அண்ணாச்சி. பிள்ளையை ஹாஸ்டல்ல விடணும். அதான் மூணு நாளு..." என்று இழுத்தார் இவர்.

"சரி, சரி. நானும் வீட்டுல சொல்லாமத்தான் வந்திருக்கேன்" என்றார் அத்தான். "ஏழு மாசம் ஆச்சு. இன்னும் துட்டி கேக்க ஆளு வந்துகிட்டேதான் இருக்காக. வாரவுகளைக் குத்தம் சொல்லல. ஒவ்வொருத்தருக்கும் மொதல்லேருந்து சொல்லணும்லா? சொல்லிச் சொல்லி, அது யாரு வீட்டுலயோ நடந்த மாதிரி ஆயிப்போச்சு எனக்கு. அதான் மாசம் ஒருக்க பஸ் ஏறி இங்கன வந்து உக்காந்துக்கிடுவேன். தங்கச்சிகிட்ட கோயிலுக்குப் போறேன்னு சொல்லுவேன்."

பிறகு அவர், "அந்தப் பொட்டலத்துல என்ன இருக்கு? பைய எடும். காலையில ஒண்ணும் சாப்பிடல" என்றார். நான்கு பேரும் இட்லி சாப்பிட்டோம். துட்டி கேட்க வேண்டியவரோடு துட்டி கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட்டது எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் அந்த இட்லி ருசியாக இருந்தது.

சாயங்காலம் பஸ் வரும்வரை கோமதி அவரோடு தனியாக உட்கார்ந்து பேசினாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "சும்மா" என்றாள்.

5

திங்கட்கிழமை மதியம், அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கியவர்கள் முகத்தோடு அத்தையின் தச்சநல்லூர் வீட்டில் போய் இறங்கினோம். கோமதிக்கு அருவித் தண்ணீரில் ஜலதோஷம் பிடித்து, மூக்கு சிவந்திருந்தது.

"என்னட்டி, வரும்போதே சளியா?" என்றார் அத்தை.

"பிளேன்ல ஏசி, ஆச்சி" என்றாள் கோமதி, கண் இமைக்காமல்.

"நாலு துட்டு மிச்சம் புடிக்கணும்னு ஏசி பக்கத்துல டிக்கெட் எடுத்தானாக்கும் உங்கப்பன்" என்று அத்தை மகனைப் பார்த்தார். மகன் பெட்டியைத் திறக்கக் குனிந்துகொண்டார்.

செவ்வாய் ஆகாது. புதன்கிழமை அத்தையோடு திருநெல்வேலி டவுணில் அத்தான் வீட்டுக்குப் போனோம். வெறுங்கையோடு போனோம். ஆண்கள் முன்னறையில் பேசாமல் உட்கார்ந்தார்கள். அத்தானின் தங்கை உள்ளே என் கையைப் பிடித்துக்கொண்டதும் அழ ஆரம்பித்தேன். பாதி நாடகமாகத்தான் ஆரம்பித்தேன், உண்மையைச் சொன்னால் என்ன. அடுப்படியில் அக்காவின் கண்ணாடி ஆணியில் தொங்குவதைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கோமதியை ஒரு வருடம் அவளிடம் விட்டுவிட்டுப் போனபோது அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அழுததெல்லாம் அதற்குச் சேர்த்துத்தான்.

கிளம்பும் நேரத்தில் அத்தான் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"எப்பம் வந்தீக?"

"திங்கக்கிழமை, பெரியப்பா" என்றாள் கோமதி.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தோம். காரில் கோமதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வருடக்கணக்காக அதே பின்சீட்டில் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்காருகிறவள் அவள்.

6

விடுதியில் விட்ட நாளைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. தாழ்வாரத்தில் இரும்புப் பெட்டிகள், பக்கெட்டுகள், வேறு அம்மாக்கள். கோமதி வாசலிலேயே போதும் என்றாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் தபால் நிலையத்துக்கு வெளியே இருக்கும் தொலைபேசியில் அவளோடு பேசுகிறோம். விடுதியில் அவளைக் கூப்பிட்டு வருவதற்குள் பாதிக் காசு போய்விடும். என் கணவர் நாணயங்களை உள்ளங்கையில் அடுக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் போடுவார், நான் பேசுவேன். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்பதற்குள் முடிந்துவிடும். அவள் பேச்சில் பாளையங்கோட்டை ஏறிவிட்டது. சாப்பிடுதேன், படிக்கேன் என்கிறாள். இங்கே இருந்தபோது தமிழ் பேசு தமிழ் பேசு என்று அவளை நான் படுத்திய பாட்டை நினைத்துக்கொள்வேன்.

எழுத்தர் அம்மாளைப் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை கோமதி கேட்டாள்.

"அடுத்த ஜூன்ல வருவீங்களாம்மா?"

ஒப்பந்தப்படி அடுத்த சீட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அப்போது அவளுடைய பிளஸ் டூ முடிந்திருக்கும். இடையில் வருவதென்றால் சொந்தக் காசு. எந்த உறையிலும் அதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும்.

"பார்ப்போம்" என்றேன்.

அவள், "சரி. ஆனா வந்தா ஆச்சிகிட்ட திங்கக்கிழமைன்னு சொல்லுங்க. எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமைன்னு சொல்லுங்க. பெரியப்பாகிட்டயும் சொல்லிட்டேன். வார்டன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

என் கணவர் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். அவர் தொலைபேசியில் பேசுகிற ஆளே இல்லை.

"ஏட்டி, வெள்ளிக்கிழமை வாரோம்" என்றார். உள்ளங்கையில் மிச்சமிருந்த நாணயங்களை எல்லாம் ஒரேயடியாக உள்ளே போட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தார். அன்று நிறைய நேரம் பேசினேன். கணக்கு டீச்சர் கோபக்காரர் என்று சொன்னாள், பக்கத்துக் கட்டில் பெண் கூடங்குளம் என்று சொன்னாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கேட்டேன்.

"எந்தப் பணத்துல?"

"மனைத் தவணையை நிறுத்திட்டு."

"இதுவரை கட்டினது?"

"போனாப் போகட்டும். பூமி எங்கயும் போயிராது, பிறகு வாங்கிக்கிடலாம்" என்றார். தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் கொஞ்சம் கழித்து, "இவ இன்னும் எத்தனை வருஷம் நம்மளை வாங்கன்னு கூப்பிடுவா?" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.